மெட்ராஸ் பெயர் தாங்கிய டிஃபையன்ட்: 1/72 கிட் பொம்மை போல வராமலிருக்க

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் 1/72 போல்டன் பால் டிஃபையன்ட் கிட், அதாவது இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் சண்டை விமானம் ஒன்றை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய பெட்டி, உங்கள் கையில் இருக்கிறது. இதற்கு முன் இரண்டு விமானம் செய்தீர்கள், இரண்டும் திருவிழாக் கடைப் பொம்மை மாதிரி வந்தன. வீடியோக்களில் ஆளுக்கொரு சாமான் பட்டியல் போடுகிறார்கள். எதை வாங்குவது, எந்த வரிசையில் செய்வது, நிஜ விமானம் போல வர என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாமான் கதை அப்புறம். முதலில் அந்த இரண்டும் ஏன் பொம்மை மாதிரி வந்தன என்று பார்ப்போம். உங்கள் படங்களைப் பார்க்காமலே சொல்கிறேன்: முதுகில் நடுக்கோடு தெரியும், இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் பள்ளம் இருக்கும், பெயின்ட் தடியாகப் பளபளக்கும். நானும் ஏழெட்டு விமானம் அப்படித்தான் செய்தேன். நுணுக்கமான பாகங்கள் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு விலை கூடிய கிட், கூடுதல் உலோகத் தகடு என்று வாங்கிக்கொண்டே போனேன். கோளாறு அங்கே இல்லை.

1/72 என்றால் 6 அடி ஆள் 1 அங்குல உயரம். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். உடலின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் கால் மில்லிமீட்டர் பிளவு விட்டால், நிஜ விமானத்தில் அது 18 மில்லிமீட்டர். விரலை நுழைக்கலாம். பெயின்ட் 0.1 மில்லிமீட்டர் தடிமனாக ஏறினால், நிஜத்தில் 7 மில்லிமீட்டர் பூச்சு. சுவருக்குக் கூட அவ்வளவு தடியாகப் பெயின்ட் அடிக்க மாட்டோம். மூளை இந்தக் கணக்கைப் போடுவதில்லை, ஆனால் கண் பார்த்த உடனே "பிளாஸ்டிக்" என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறது. அதனால் உங்கள் நேரத்தில் முக்கால்வாசியை ஒட்டுக்கோட்டுக்கும் மெல்லிய பூச்சுக்கும் கொடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு மேல் வரும் அலங்காரம்.

நீங்கள் எடுத்திருக்கும் விமானமும் நல்ல தேர்வு. டிஃபையன்ட் முதலில் பறந்தது 1937 ஆகஸ்ட்டில். பார்வைக்கு அதே காலத்து ஹரிகேன் என்ற பிரிட்டிஷ் சண்டை விமானம் போல இருந்தாலும் இறக்கையில் ஒரு துப்பாக்கி கூடக் கிடையாது. விமானிக்குப் பின்னால் சுழலும் டரெட்டில்தான், அதாவது கண்ணாடி மூடிய துப்பாக்கிக் கூண்டில்தான், நான்கு பிரௌனிங் துப்பாக்கிகள். முதலில் இதைப் பெற்றது பிரிட்டிஷ் விமானப்படையான ராயல் ஏர்ஃபோர்ஸின் 264-ம் ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு), 1939 டிசம்பரில். அந்த ஸ்குவாட்ரனின் முழுப்பெயர் '264 (மெட்ராஸ் பிரெசிடென்சி) ஸ்குவாட்ரன்'. போர் நிதிக்கு நம் மாகாணத்திலிருந்து போன பணத்துக்காகச் சேர்த்த பெயர் அது. ஹரிகேன் ஓட்டிய 79-ம் ஸ்குவாட்ரனுக்கும் இதே பெயர் உண்டு. போதாக்குறைக்கு, இந்தக் கிட் வெளிவந்த காலத்து ஏர்ஃபிக்ஸ் பெட்டிகள் பலவற்றின் ஓரத்தில் 'மேட் இன் இந்தியா' என்றிருக்கும். உங்கள் பெட்டியையும் திருப்பிப் பாருங்கள்.

1940 மே 29 அன்று பிரான்ஸ் கடற்கரையிலுள்ள டன்கர்க் வானில் இந்த ஸ்குவாட்ரன் முப்பதுக்கும் மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குச் சொன்னது. உண்மை எண்ணிக்கை அதைவிட வெகு குறைவு. ஹரிகேன் என்று நினைத்துப் பின்னாலிருந்து வந்தவர்கள் டரெட்டிடம் மாட்டினார்கள். ரகசியம் தெரிந்ததும் முன்னாலும் அடியிலும் இருந்து வந்து அடித்தார்கள். ஜூலை 19 அன்று 141-ம் ஸ்குவாட்ரனின் ஒன்பது டிஃபையன்ட்களில் பெரும்பாலானவை ஒரே சண்டையில் போயின. ஆகஸ்ட் முடிவில் 264-ஐயும் பகல் சண்டையிலிருந்து எடுத்து இரவு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். இதைச் சும்மா சொல்லவில்லை, அழுக்கேற்றும் கட்டத்தில் இந்த வரலாறு வேலைக்கு வரும்.

சரி, சாமான். பாகங்களை வெட்ட ஒரு சின்னக் கட்டர். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு விற்பதே முதல் கிட்டுக்குப் போதும். கூர்முனைக் கத்தி, மாற்று பிளேடுகளோடு. கார் பெயின்ட் கடையில் 400, 600, 1000, 1500 நம்பர் வாட்டர் பேப்பர் தலா ஒரு தாள். தாமியாவின் பச்சை மூடிப் பசை, அதாவது தண்ணீர் போல ஓடும் ரகம். காகித மாஸ்க்கிங் டேப். மாடல் கடையில் விற்கும் சாம்பல் நிற பிரைமர். கார் கடை பிரைமரின் கரைப்பான் பாலிஸ்டைரீனை அரித்துச் சொரசொரப்பாக்கக்கூடும், அங்கே சிக்கனம் வேண்டாம். இரண்டு நல்ல பிரஷ். ஃபெவிகால் வீட்டிலேயே இருக்கும். ஏர்பிரஷ், அதாவது காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் கருவி, இப்போதைக்குத் தேவையில்லை. காரணம் பின்னால் சொல்கிறேன்.

வேலை தொடங்கும் முன் பாகங்களை, அவை கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தோடு அப்படியே பாத்திரம் கழுவும் திரவத்தில் அலசிக் காய வையுங்கள். அச்சிலிருந்து கழன்று வரப் பூசிய எண்ணெய் மிச்சமிருந்தால் பெயின்ட் ஒட்டாது. பாகத்தை வெட்டும்போது ஒட்ட வெட்டாதீர்கள். கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டு, நெருங்கி இன்னொரு வெட்டு, மிச்சத்தைக் கத்தியும் வாட்டர் பேப்பரும் பார்த்துக்கொள்ளும். ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் பிய்ந்து பள்ளம் விழும். இன்னொன்று, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். என் வீட்டில் காணாமல் போன பாகங்களில் பாதியைத் துடைப்பம்தான் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது.

விமானி அறையை முதலில் முடிக்க வேண்டும், ஏனென்றால் உடலை மூடிய பிறகு பிரஷ் உள்ளே போகாது. பிரிட்டிஷ் விமானங்களுக்கு உரிய வெளிர் சாம்பல்பச்சை, கறுப்பு டாஷ்போர்டு, அவ்வளவுதான். இருக்கை வார் மட்டும் கட்டாயம் போடுங்கள். மாஸ்க்கிங் டேப்பில் 0.7 மில்லிமீட்டர் அகலக் கீற்று வெட்டினால், 2 அங்குல வார் கணக்குக்குச் சரியாக வரும். அதில் பழுப்பு கலந்த வெள்ளை. கண்ணாடிக்கு உள்ளே எட்டிப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். மற்றபடி இந்த அறையில் ஒரு வாரம் செலவழிக்காதீர்கள், முக்கால்வாசி இருட்டில் போய்விடும்.

இப்போது முக்கியமான இடம். உடலின் இரண்டு பாதிகளைப் பசையில்லாமல் சேர்த்து டேப் போட்டுப் பாருங்கள். எங்காவது வாய் திறந்தால் உள்ளே எது தடுக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் விமானி அறைத் தரையின் ஓரத்தில் ஏறிய பெயின்ட்டாக இருக்கும். அதைச் சுரண்டினால் மூடும். டரெட்டை மேலிருந்து முதுகிலுள்ள வட்டத் துளைக்குள் இறக்க முடிகிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். முடிந்தால் கடைசி வரை அதை வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம், பாதித் தலைவலி போய்விடும்.

ஒட்டும் முறை இது. இரண்டு பாதிகளையும் மெல்லிய இடைவெளி விட்டுப் பிடித்துக்கொண்டு, பசைப் பிரஷ்ஷை அந்த இடைவெளியில் தொடுங்கள். பசை தானாக ஓடிப் பரவும். இரண்டு அங்குல நீளம் போதும், மொத்தத்தையும் ஒரே மூச்சில் செய்யப் பார்க்காதீர்கள். பத்துப் பதினைந்து நொடி பொறுத்து, இரண்டு பாதிகளையும் விரலால் அழுத்துங்கள். உருகிய பிளாஸ்டிக், கோடு நெடுக மெல்லிய நூல் போலப் பிதுங்கி வரும். அந்த நூல் வந்தால்தான் வேலை நடந்திருக்கிறது. இது ஃபெவிகால் போல நடுவில் நின்று பிடிக்கும் பசை அல்ல, இரு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடும் பசை. பிதுங்கியதைத் துடைக்கத் தோன்றும், கைவைக்காதீர்கள். டேப் போட்டு, ஒரு முழு நாள் அப்படியே வையுங்கள். மழைக்காலமென்றால் இரண்டு நாள். அவசரப்பட்டுத் தேய்த்தால் மேல் கெட்டியாக, உள்ளே மெத்தென்று இருக்கும். இன்று மட்டமாகத் தெரிவது அடுத்த வாரம் சுருங்கிப் பள்ளமாகிவிடும். என் முதல் விமானங்களில் பெயின்ட் அடித்த பிறகு கோடு 'முளைத்தது' இதனால்தான்.

காய்ந்தபின் கத்தியின் முதுகால் அந்த நூலைச் சுரண்டுங்கள். பிறகு 600, அப்புறம் 1000, தண்ணீர் தொட்டுத் தொட்டு, பேப்பரை விரலில் சுற்றாமல் ஐஸ் குச்சியில் ஒட்டித் தேயுங்கள். விரலில் சுற்றித் தேய்த்தால் விரல் அழுத்தும் இடத்தில் பள்ளம் விழும். முடிந்தது என்று தோன்றும்போது கோட்டின் மேல் வெள்ளி நிற மார்க்கர் பேனாவை ஓட்டுங்கள். வெள்ளி நிறம் பொய் சொல்லாது, மயிரிழைப் பிளவு கூடக் கறுப்பாகத் தெரியும். தெரிந்தால் இன்னொரு சொட்டுப் பசை, இன்னொரு நாள். டிஃபையன்ட்டின் முதுகை டரெட் பாதி மறைக்கிறது என்று மெத்தனமாக இருக்காதீர்கள்; மூக்கின் மேல்பக்கம் முழுக்கத் திறந்த மேடை.

இறக்கை ஒட்டும்போது மட்டத்தை மட்டும் பாருங்கள். இரண்டு முனைகளுக்கும் அடியில் சமமான உயரத்துக்குத் தீப்பெட்டி அடுக்கிக் காயவிட்டால் போதும். ஒரு பக்கம் சற்றே தூக்கி நின்றால் எவ்வளவு நல்ல பெயின்ட்டாலும் மறைக்க முடியாது. இறக்கை உடலோடு சேரும் வேரில் விழும் பிளவுக்குப் புட்டி. சக்கரம், வால், குளிர்விப்பான் எல்லாம் குறிப்புத்தாளில் உள்ளபடியே.

டிஃபையன்ட்டில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டரெட் முதுகுப் பக்கம் சுழல வேண்டியிருந்ததால் ரேடியோக் கம்பங்களை வயிற்றுக்கு அடியில் வைத்தார்கள். தரையில் இடிக்காமலிருக்க அவை உள்ளே மடங்கும். சக்கரம் இறங்கியிருக்கும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. ஆகவே தரையில் நிற்கும் விமானம் செய்கிறீர்கள் என்றால் அந்தக் கம்பங்களை நீட்டி ஒட்டாதீர்கள். அதே போல டரெட்டுக்குப் பின்னாலுள்ள முதுகு மூடி, துப்பாக்கி திரும்பும்போது கீழே இறங்கும். டரெட்டைப் பக்கவாட்டில் திருப்பி வைக்கப் போகிறீர்கள் என்றால் மூடி இறங்கிய நிலையில் இருக்க வேண்டும். ஒட்டும் முன் முடிவு செய்யுங்கள்.

பெயின்ட். மேல்பக்கம் அடர் மண் நிறமும் அடர் பச்சையும். அடிப்பக்கம் எந்த மாதம் என்பதைப் பொறுத்தது. 1940 ஜூனுக்கு முன்னால் இடது இறக்கை அடி கறுப்பு, வலது வெள்ளை. அதன் பிறகு 'ஸ்கை' என்ற வெளிர் பச்சை சாயல். டன்கர்க் விமானம் செய்கிறீர்களா, ஆகஸ்ட் விமானமா என்று முடிவெடுத்துவிட்டு டப்பாவைத் திறங்கள். இன்றைக்கு முழுசாக மிஞ்சியிருக்கும் ஒரே டிஃபையன்ட், என்1671, பிரிட்டனின் ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியத்திடம் இருக்கிறது. அது இரவு விமானம், முழுக் கறுப்பு. டரெட்டின் சட்டங்களைப் பார்க்க அதன் படங்கள் அருமை. நிறத்துக்கு அதைப் பார்க்காதீர்கள்.

ஏர்பிரஷ் வேண்டாம் என்றேனே, காரணம் இதுதான். மண் நிறமும் பச்சையும் சேரும் ஓரம் நிஜ விமானத்தில் ஓரிரு அங்குலம் கலந்திருக்கலாம். 72-ல் வகுத்தால் அரை மில்லிமீட்டர் சுற்றுவட்டாரம். அதாவது இந்த அளவில் ஓரம் கூராக இருப்பதுதான் நியாயம். பெரிய புகை மூட்டம் போலக் கலந்த ஓரங்கள் ஏர்பிரஷ் வைத்திருப்பவர்களின் ஆசை. கையால் பூசும்போது பெயின்ட் சாம்பார் பதத்தில் இருக்கக் கூடாது, தெளிந்த ரசம் பதம். முதல் பூச்சு கேவலமாக இருக்கும், பிளாஸ்டிக் தெரியும், பயப்படாதீர்கள். அது காய்ந்ததும் குறுக்காக இரண்டாவது, பிறகு மூன்றாவது, தேவைப்பட்டால் நான்காவது. தாமியா அக்ரிலிக் பிரஷ்ஷுக்கு அவ்வளவு ஒத்துவராது, இரண்டாம் பூச்சு முதல் பூச்சைக் கரைத்துக் கிளப்பிவிடும். வல்லேஹோ போன்ற தண்ணீர்ப் பெயின்ட் வாங்குங்கள். நிறத்தில் ஒரு சொட்டு வெளிர் சாம்பல் கலந்தால் நல்லது. டப்பா நிறம் அப்படியே போட்டால் சின்ன மாடலில் இருட்டடிக்கும்.

டீகாலுக்கு, அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படங்களுக்கு, முன் கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ் ஒரு பூச்சு கட்டாயம். பளபளப்பில்லாத மேட் பரப்பின் சொரசொரப்பில் டீகாலுக்கு அடியில் காற்று சிக்கி, ஓரமெல்லாம் வெள்ளி போல மினுங்கும். 'பிஎஸ்' என்ற ஸ்குவாட்ரன் எழுத்துகள் ஒரு பக்கம், மஞ்சள் வளையம் போட்ட வட்டம் ஒரு பக்கம் என்று எல்லாம் பெரிய டீகால்கள், அதனால் தவறும் பெரிதாகத் தெரியும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், காய்ந்ததும் உப்புப் பூக்கும். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீர் ஒரு பாட்டில் வருடக்கணக்கில் வரும். டீகாலை மென்மையாக்க மாடல் கடையில் விற்கும் திரவம் தடவியதும் டீகால் அப்பளம் பொரிவது போலச் சுருங்கும். அப்போது தொட்டால் தீர்ந்தது. எழுந்து போய் டீ குடித்துவிட்டு வாருங்கள், அதுவே இழுத்துக்கொண்டு கோடுகளில் படியும்.

அழுக்கேற்றுவதில் என் கருத்து வேறு. ஓவியர்கள் வாங்கும் ஆயில் கலரில் அடர் பழுப்பை டர்பன்டைனில் கரைத்துக் கோடுகளில் விட்டு, மேலே வழிந்ததைத் துடையுங்கள். கறுப்பு வேண்டாம். 1/72-ல் எந்தக் கம்பெனி கிட்டிலும் தகட்டுக் கோடுகள் நிஜத்தைவிடப் பெரியவை, 0.2 மில்லிமீட்டர் கோடு நிஜத்தில் 14 மில்லிமீட்டர். அதைக் கறுப்பாக வேறு ஆக்கினால் விமானம் டைல்ஸ் ஒட்டிய சுவராகிவிடும். பெயின்ட் உரிந்த திட்டுகளையும் வாரி இறைக்காதீர்கள். 264 பகலில் சண்டையிட்டது மே முதல் ஆகஸ்ட் வரைதான். விமானம் கைக்கு வந்தே சில மாதம். அவ்வளவு புது வண்டி அந்தளவு உரிந்திருக்காது. எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பின்னால் பழுப்புப் புகைக்கறை, விமானி ஏறும் இறக்கை வேரில் கொஞ்சம் தேய்மானம், போதும்.

மேட் வார்னிஷ் ஸ்ப்ரே டப்பாவில் அடிப்பதானால் வானிலையைப் பாருங்கள். சென்னையில் ஒரு நவம்பர் மாலை, மழை விட்ட கையோடு, இரண்டு மாத வேலையின் மேல் நான் அடித்தேன். அஞ்சு நிமிஷத்தில் விமானம் முழுக்கச் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துவிட்டது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. டப்பாவின் குறையில்லை, என் அவசரம். ஒரு வாரம் கழித்து வெயில் காய்ந்த மதியத்தில் மெல்லிய கிளாஸ் பூச்சு கொடுத்தேன், பெரும்பகுதி தெளிந்தது. வால் மட்டும் இன்றைக்கும் கொஞ்சம் மூடுபனியில் இருக்கிறது. பிரஷ்ஷால் பூசும் தண்ணீர் மேட் வார்னிஷ் இந்த வம்பைச் செய்யாது.

மிச்சம் டரெட். கண்ணாடி பாகங்களை சூப்பர் குளூவால் ஒட்டினால் அதன் ஆவி படிந்து புகைமூட்டமாகும், பச்சை மூடிப் பசை வழிந்தால் கண்ணாடி வெந்துபோகும். ஃபெவிகால்தான் சரி, காய்ந்தால் தெளிவாகிவிடும். சட்டங்களுக்கு மாஸ்க்கிங் டேப்பை ஒட்டி, பல்குச்சியால் ஓரங்களை அழுத்தினால் கோடு தெரியும். புது பிளேடால் கனமில்லாமல் வெட்டுங்கள். ஒரு கண்ணாடிக்கு ஒரு துண்டு, அவசரமே வேண்டாம், இரண்டு மாலை போகும். முதலில் உள்பக்க நிறத்தை ஒரு பூச்சு, அதன்மேல் வெளி நிறம். அப்போது உள்ளிருந்து பார்த்தாலும் சட்டம் சாம்பல்பச்சையாகத் தெரியும்.

துப்பாக்கிக் குழல்களுக்குக் கிட்டில் வரும் பிளாஸ்டிக் தடிமனாகத் தோன்றினால் இன்சுலின் ஊசி எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் அதற்குப் பஞ்சமில்லை, ஆனால் பயன்படுத்தாத புது ஊசி. 30 கேஜ் ஊசி சுமார் 0.3 மில்லிமீட்டர், நிஜத்தில் 22 மில்லிமீட்டர் கனம், முனையில் நிஜமான துளையோடு. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஊசியை டேப்புக்கு அடியில் வைத்து வெட்டுங்கள், துண்டு எகிறும். இங்கே மட்டும் சூப்பர் குளூ, அதுவும் டரெட்டுக்கு வெளியே வைத்து ஒட்டி, நன்றாக ஆறவிட்டு. நான்கும் ஒரே கோணத்தில் நிற்கிறதா என்று மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள். டரெட்டை வட்டத்துக்குள் இறக்கிய பிறகு கண்ணாடிகளின் டேப்பை ஒவ்வொன்றாக, மேல்நோக்கி இழுக்காமல் பக்கவாட்டில் மடித்து உரியுங்கள். எங்காவது ஓரம் பிசிறியிருந்தால் பல்குச்சியின் முனையை நனைத்துச் சுரண்டினால் வந்துவிடும். வேலை முடிந்ததும் ஜன்னலோரத்தில் மட்டும் வைக்காதீர்கள், நம் வெயிலில் நிறமும் டீகாலும் வெளுத்துவிடும்.